விக் சோட்டோவும் ‘ஈட் புலாகா’வும்: கேள்வி பதில்

கேள்வி: பிலிப்பைன்ஸ் தொலைக்காட்சித் தொகுப்பாளர் விக் சோட்டோவைச் சிலர் பாடகர் என்கிறார்கள், சிலர் காமெடியன் என்கிறார்கள். முதலில் எதில் வந்தார்?

பாட்டில்தான். முழுப்பெயர் மார்விக் வாலென்டின் காஸ்டெலோ சோட்டோ. பிறந்தது 28 ஏப்ரல் 1954. எழுபதுகளில் பிலிப்பைன்ஸை ஆட வைத்த ‘விஎஸ்டி அண்ட் கம்பெனி’ என்ற டிஸ்கோ குழுவின் பெயரில் உள்ள ‘வி’ இவர்தான். ‘எஸ்’ ஸ்பாங்கி ரிகோர், ‘டி’ அண்ணன் டிட்டோ சோட்டோ. ‘மணிலா சவுண்ட்’ என்று இன்றும் சொல்லப்படும் பாணியில் அந்தக் குழுவுக்குப் பெரிய இடம் உண்டு. அதே காலத்தில் டிட்டோ, விக், ஜோயி டி லியோன் மூவரும் பிரபலமான பாட்டுகளுக்குக் கேலி வரிகள் போட்டு ‘டஃப் ஹிட்ஸ்’ என்று இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். சிரிப்புக்கு வந்த வழி அதுதான்.

1978-ல் ஐபிசி 13 சேனலில் ‘இஸ்குல் புகோல்’ தொடர் தொடங்கியது. வான்போல் பல்கலைக்கழகம் என்ற கற்பனைக் கல்லூரியில் நடக்கும் கதை. டிட்டோவும் ஜோயியும் ஊரை ஏய்க்கும் எஸ்கலேரா சகோதரர்கள். விக், கண்ணாடி போட்ட படிப்பாளி விக் உங்காசிஸ். மூவரும் பின்னாளில் மேடையில் எப்படி வேலையைப் பிரித்துக்கொண்டார்கள் என்பதற்கான வரைபடம் இந்தத் தொடரிலேயே இருக்கிறது. இரண்டு பேர் கலாட்டா செய்வார்கள், ஒருவர் அமைதியாக இருப்பார்.

கேள்வி: ‘ஈட் புலாகா’ என்றால் என்ன பொருள்?

டிட்டோ, விக், ஜோயி மூவரும் நடத்தும் நண்பகல் நேரலை நிகழ்ச்சி இது. ‘ஈட்’ ஆங்கிலச் சொல்தான், மதியச் சாப்பாட்டு நேர நிகழ்ச்சி என்பதால் வந்தது. ‘புலாகா’ என்பது குழந்தைக்கு முகத்தை மூடித் திறந்து காட்டும்போது பிலிப்பினோக்கள் போடும் சத்தம், நாம் ‘பே!’ என்போமே, அது. ஆச்சரியங்கள் வரும் என்ற பொருளில் ஜோயி வைத்த பெயர். இந்த விளக்கத்தை நினைவில் வையுங்கள். 44 ஆண்டுகள் கழித்து, பெயர் யாருக்கு என்ற வழக்கில் இதுவே உதவியது.

கேள்வி: ஒரே நிகழ்ச்சி எப்படி நான்கு சேனல் மாறியது?

1979 ஜூலை 30 அன்று ஆர்பிஎன் 9-ல் தொடக்கம். 1989-ல் ஏபிஎஸ்-சிபிஎன், 1995-ல் ஜிஎம்ஏ, 2023-ல் டிவி5.

பெரும்பகுதிக் காலம் நிகழ்ச்சியைத் தயாரித்தது சேனல் இல்லை, டேப் என்ற தனி நிறுவனம். சேனலிடம் நேரத்தை வாங்கி, நிகழ்ச்சியைத் தானே தயாரித்து, விளம்பர இடத்தையும் தானே விற்கும் முறை. அங்கே இதை ‘பிளாக்டைமர்’ என்பார்கள். அதனால் தயாரிப்பாளரும் தொகுப்பாளர்களும் ஒன்றாக இருக்கும்வரை, சேனலோடு ஒத்துவரவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த சேனலுக்குப் போய்விடலாம். அந்த இருவருக்குள்ளேயே விரிசல் வந்தால்தான் சிக்கல். 2023-ல் அதுதான் நடந்தது.

கேள்வி: சில பகுதிகள் பார்த்தேன். மற்றவர்கள் ஆடுகிறார்கள், குதிக்கிறார்கள். இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறார். இவரை ஏன் ‘பாஸிங்’ என்று கொண்டாடுகிறார்கள்?

அந்தச் சும்மா நிற்பதுதான் அவருடைய வித்தை. ‘பாஸிங்’ என்றால் முதலாளி, தலைவர் என்று செல்லமாக அழைப்பது.

ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் வீட்டுக்கே போய்ப் பரிசு கொடுக்கும் ‘சுகோட் பஹாய்’ பகுதியைப் பாருங்கள். ஹோசே மனலோ, வாலி பயோலா, பாவ்லோ பாலஸ்டெரோஸ் போன்ற சக தொகுப்பாளர்கள் ஏதோ ஒரு பாரங்காயின் (நம் வார்டு மாதிரி) சந்துக்குப் போயிருப்பார்கள். அன்று தேர்வானவர் வீட்டு உடையிலேயே கேமரா முன் நிற்பார். ஸ்டுடியோவிலிருந்து விக் பேசுவார். கேள்விகள் எல்லாம் சின்னவை: என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் எங்கே. பதில் சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் குரல் உடைந்தால் விக் பேச மாட்டார். நேரலையில் இரண்டு மூன்று நொடி மௌனம் என்பது பெரிய இடைவெளி. அதை அவர் நிரப்பப் பார்ப்பதில்லை. பிறகு ஒரு ஜோக் வரும், அதுவும் ஹோசேயைப் பார்த்து. அழுகிறவர் மேல் கேலி விழாது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் சிரித்துவிடுவார்.

புதிதாக வரும் தொகுப்பாளர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மௌனம் வந்தால் பதறிப்போய் எதையாவது பேசி அந்தக் கணத்தைக் கெடுத்துவிடுவார்கள். விக் இசைக்காரர், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தாளமாகவே தெரியும் என்பது என் கணிப்பு.

கேள்வி: நிகழ்ச்சியில் வரும் ‘பினாய் ஹென்யோ’ என்ற சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டை வீட்டு விசேஷத்தில் ஆட ஆசை. விதிகள்?

இருவர் ஒரு அணி, எதிரெதிரே உட்கார வேண்டும். கண்டுபிடிப்பவரின் நெற்றியில் சொல் எழுதிய அட்டை. அது அவருக்குத் தெரியாது, எதிரே இருப்பவருக்குத் தெரியும். கண்டுபிடிப்பவர் கேள்வி கேட்டே சொல்லைப் பிடிக்க வேண்டும். நேரம் 2 நிமிடம். எதிரே இருப்பவர் சொல்லக்கூடியவை மூன்றே சொற்கள்: ‘ஓஓ’ (ஆமாம்), ‘ஹிந்தி’ (இல்லை), ‘ப்வேடே’ (இருக்கலாம்). தமிழில் ஆடும்போது ‘ஆமா’, ‘இல்ல’, ‘இருக்கலாம்’ போதும். தலையாட்டல், கைசாடை கூடாது.

முதல் 20 நொடியில் வகையைப் பிடியுங்கள்: ஆளா, பொருளா, இடமா, உணவா, விலங்கா? பிறகு உட்பிரிவு. பெரும்பாலும் தோற்பது கேட்பவரால் இல்லை, பதில் சொல்பவரால். சொல் ‘தேங்காய்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். “சாப்பாடா?” என்றால் ‘இருக்கலாம்’ சொல்ல வேண்டும். பதற்றத்தில் ‘இல்ல’ என்றுவிட்டால் கேட்பவர் உணவுப் பக்கமே திரும்ப மாட்டார், மீதி நேரம் முழுக்க வீண். இன்னொரு தவறு, ‘இருக்கலாம்’ வந்ததும் அந்தக் கிளையை விட்டுவிட்டு வேறெதற்கோ தாவுவது. அங்கேயே இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

கேள்வி: ‘ஆல்டப்’ அலையில் இவருக்குப் பங்கு உண்டா?

நேரடியாகக் குறைவு. 2015 ஜூலை 16 அன்று நேரலையில், திரை இரண்டாகப் பிரிந்திருந்தபோது, உதட்டசைவு வீடியோவால் புகழ்பெற்ற மெய்ன் மென்டோசா மறுபாதியில் ஆல்டன் ரிச்சர்ட்ஸைப் பார்த்து வெட்கப்பட்டார். எழுதி வைத்த காட்சி இல்லை. அதைப் பிடித்து, ‘ஆல்டப்’ என்று பெயர் பெற்ற இந்த ஜோடியின் கதையை மாதக்கணக்கில் வளர்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று பிலிப்பைன் அரீனாவில் நடந்த சிறப்பு நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய 4.1 கோடி ட்வீட்கள் குவிந்தன. மூத்தவர்கள் ஒதுங்கி நின்று இளையவர்களுக்கு நடு இடத்தைக் கொடுத்தார்கள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

கேள்வி: 2023-ல் என்னதான் நடந்தது? பெயர் யாருக்கு?

டேப் நிறுவன நிர்வாகத்தோடு கருத்து வேறுபாடு முற்றி, மே 31 அன்று டிட்டோ, விக், ஜோயி மூவரும் விலகினார்கள். ஜூலை 1 அன்று டிவி5-ல் ‘ஈ.ஏ.டி.’ என்ற பெயரில் புது நிகழ்ச்சி. பழைய பெயரில் டேப் ஜிஎம்ஏ-வில் தொடர்ந்து நடத்தியது. ஒரே நண்பகலில் இரண்டு கடை.

இங்கே இரண்டு உரிமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வணிகச்சின்னம் என்பது பதிவு அலுவலகத்தில் பெயரைப் பதிவதால் வருவது. படைப்புரிமை என்பது உருவாக்கியவருக்கு வருவது. டிசம்பர் 2023-ல் அந்நாட்டு அறிவுசார் சொத்து அலுவலகம் டேப்பின் சின்னப் பதிவை ரத்து செய்தது. பெயர் எப்படிப் பிறந்தது என்ற ஜோயியின் விளக்கம் அங்கே எடுபட்டது. 2024 ஜனவரி தொடக்கத்தில் மரிகினா நீதிமன்றத்தின் தீர்ப்பும் மூவர் பக்கமாக வெளியானது. ஜனவரி 6 முதல் டிவி5 நிகழ்ச்சி மறுபடி ‘ஈட் புலாகா’ ஆனது. பெயரை மாற்றிக்கொண்ட டேப்பின் நிகழ்ச்சி அந்த மார்ச்சில் நின்றது.

கேள்வி: படங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

முதலில் ‘எண்டெங் கபிசோட்டே’ யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1987-ல் தொடங்கிய ‘ஓகே கா, ஃபேரி கோ!’ தொடரில் விக் நடித்த பாத்திரம், தேவதையைக் கல்யாணம் செய்துகொண்ட சாதாரண மனிதன். மாமியார் தேவலோக ராணி, மருமகனைக் கண்டாலே ஆகாது. 2004-லிருந்து ‘எண்டெங் கபிசோட்டே’ என்ற பெயரில் திரைப்பட வரிசையாகவும் வந்தது. கிறிஸ்துமஸ் அன்று தொடங்கும் மெட்ரோ மணிலா திரைப்பட விழாவின்போது திரையரங்குகளில் உள்நாட்டுப் படங்கள்தான் ஓடும், குடும்பம் குடும்பமாக வருவார்கள். அந்தக் கூட்டத்துக்காகச் செய்த படங்கள் இவை. கதைக்கட்டு தளர்வாகத்தான் இருக்கும். 2004 படம் ஒன்று போதும்.

அடுத்து நேராக 2024-ன் ‘தி கிங்டம்’. பிலிப்பைன்ஸ் யாருக்கும் அடிமைப்படாமலே இருந்திருந்தால் என்ற கற்பனையில், விக் அரசராக வருகிறார். சிரிப்பே இல்லாத வேடம். அந்தப் பழைய மௌனத்தை இங்கே வேறு வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

கேள்வி: அரசியலில் இருக்கிறாரா?

இல்லை. அண்ணன் டிட்டோ 2018 முதல் 2022 வரை செனட் தலைவராக இருந்தவர், 2025-ல் மறுபடி அந்தப் பதவிக்கு வந்தார். மகன் விக்கோ 2019 முதல் பாசிக் நகர மேயர். விக்கோவின் தாய், நடிகை கோனி ரெயஸ், இதே நிகழ்ச்சியில் தொகுப்பாளராக இருந்தவர்.

கேள்வி: பிலிப்பைன்ஸ் மொழியான தகலாகு தெரியாது. நேரலை பார்க்க முடியுமா?

மணிலாவில் பகல் 12 என்றால் சென்னையிலும் கொழும்பிலும் காலை 9:30. யூடியூபில் மூவரின் அதிகாரபூர்வச் சேனலைத் தேடுங்கள். ‘தாபர்காட்ஸ்’ என்று அடிக்கடி கேட்கும். நிகழ்ச்சிக் குடும்பமும் ரசிகர்களும் சேர்ந்த கூட்டத்துக்கு அந்தப் பெயர். முதல் வாரம் ‘சுகோட் பஹாய்’ மட்டும் பாருங்கள், வசனம் புரியாவிட்டாலும் முகங்கள் புரியும்.