இந்தியாவும் பாகிஸ்தானும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்ட சிந்து நதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட உலக வங்கி, இந்தியா அதை நிறுத்தி வைத்தபோது ஏன் தடுக்கவில்லை? இப்படிப்பட்ட உலக அமைப்புகளால் என்ன பயன்?

தடுக்கும் அதிகாரம் உலக வங்கிக்கு என்றைக்குமே இருந்ததில்லை. பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. மே மாதம் உலக வங்கித் தலைவர் அஜய் பங்காவிடம் கேட்டபோது, இரு தரப்புக்கும் உதவி செய்வதைத் தாண்டி எங்களுக்கு இதில் வேலை இல்லை என்கிற மாதிரிதான் பதில் சொன்னார். நிறையப் பேர் இதை நழுவல் என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தால் அவர் சொன்னது சரி என்று தெரியும். வங்கி அதில் கையெழுத்திட்டது குறிப்பிட்ட சில பிரிவுகளுக்காக மட்டும்தான். அணை, கால்வாய்ச் செலவுக்கான நிதியை நடத்துவது, தகராறு வந்தால் நடுநிலை நிபுணரையோ நடுவர் மன்றத்தையோ அமைக்க உதவுவது, அவ்வளவுதான். காவல்காரன் வேலை அதற்குக் கொடுக்கப்படவே இல்லை.

அப்படியானால் பயனே இல்லையா? இதற்குப் பதில் சொல்ல 1948-க்குப் போக வேண்டும்.

பிரிவினையில் எல்லை வரைந்த பிரிட்டிஷ்காரர் ராட்கிளிஃப் போட்ட கோடு பஞ்சாபின் கால்வாய் வலையைக் குறுக்கே வெட்டிவிட்டது. ராவியின் மாதோப்பூர், சட்லஜின் ஃபிரோஸ்பூர் தலைமதகுகள் இந்தியப் பக்கம். அந்தத் தண்ணீரை நம்பிய வயல்களில் பெரும்பகுதி பாகிஸ்தான் பக்கம். தற்காலிக ஏற்பாடு 1948 மார்ச் 31-இல் முடிந்தது, ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியாவின் கிழக்குப் பஞ்சாப் அரசு தண்ணீரை நிறுத்தியது. மே 4 அன்று டெல்லியில் ஓர் உடன்பாடு வந்து தண்ணீர் திரும்ப ஓடியது என்றாலும், மதகு யார் கையில் என்கிற பயம் பாகிஸ்தானில் அதற்கப்புறம் போகவே இல்லை.

1951-இல் டேவிட் லிலியந்தால் என்ற அமெரிக்கர் இரண்டு நாடுகளுக்கும் வந்து போனார். அமெரிக்காவில் ஒரு நதிப்படுகை முழுவதற்கும் அணைகள் கட்டிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை நடத்திய அனுபவம் உள்ளவர். ஊர் திரும்பி ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார்: இங்கே அடுத்த போர் வெடிக்கலாம், ஆனால் இது அரசியல்வாதிகளைவிடப் பொறியாளர்கள் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய விஷயம், உலக வங்கி கைகொடுக்கலாம். அப்போதைய வங்கித் தலைவர் யூஜின் பிளாக் உடனே நேருவுக்கும் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானுக்கும் கடிதம் எழுதினார். இது தர்மகாரியமாக மட்டும் நடந்ததில்லை. பக்ரா-நங்கலுக்கு இந்தியா கடன் கேட்டால் பாகிஸ்தான் ஆட்சேபிக்கும், கோட்ரி அணைக்கட்டுக்குப் பாகிஸ்தான் கேட்டால் இந்தியா ஆட்சேபிக்கும். தகராறு தீராமல் இரண்டு பேருக்கும் கடன் கொடுக்க முடியாத நிலையில் வங்கி இருந்தது. இரு தரப்புக்கும் பணம் தேவை, அந்தப் பணம் இந்த அமைப்பிடம் இருக்கிறது, அதனால்தான் இரண்டு பேரும் ஒரே மேஜைக்கு வந்தார்கள் என்பது என் எண்ணம்.

லிலியந்தால் நினைத்தது முழு நதிப்படுகையையும் இருவரும் சேர்ந்து நிர்வகிப்பது. 1952-இல் தொடங்கிய பேச்சில் அது நடக்காது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1954 பிப்ரவரியில் வங்கியே ஒரு திட்டத்தை வைத்தது: நதிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ராவி, பியாஸ், சட்லஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. நம் கணக்கில் சொன்னால், இந்தியாவுக்கு வந்த கிழக்கு நதிகள் மூன்றில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 டிஎம்சி, பாகிஸ்தானுக்குப் போன மேற்கு நதிகள் மூன்றில் 5,800 டிஎம்சிக்கு மேல். இந்தியாவுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் கிடைத்தது என்று இன்றும் கோபப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள்.

இதற்கு அடுத்த ஆறு வருடம் இழுத்ததற்கு முக்கியமான காரணம் செலவு. கிழக்கு நதிகளை விட்டுக்கொடுத்தால் பாகிஸ்தான் தன் கால்வாய்களுக்கு மேற்கு நதிகளிலிருந்து தண்ணீரைத் திருப்ப வேண்டும், அதற்குப் பெரிய அணைகளும் இணைப்புக் கால்வாய்களும் வேண்டும். யார் கட்டுவது? வங்கி அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மேற்கு ஜெர்மனி என்று ஒவ்வொரு நாடாகக் கேட்டு, தன் பணத்தையும் போட்டு ஒரு நிதியை உருவாக்கியது. இந்தியா 6 கோடியே 20 லட்சம் பவுண்டை பத்துத் தவணைகளில் தர ஒப்புக்கொண்டது. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள், வங்கி சார்பில் இலிஃப். ஜீலம் மீது மங்களா அணை எழுந்தது இந்த ஏற்பாட்டில்தான். 1965-இல் இரு நாடுகளும் போரில் இருந்தபோதுகூட இந்தியா தவணையை நிறுத்தவில்லை.

பயன் என்ன என்று கேட்டால் நான் காட்டுவது பக்லிஹார். செனாப் மீது இந்தியா கட்டிய நீர்மின் அணை அது. வடிவமைப்பு ஒப்பந்தத்தை மீறுகிறது என்று பாகிஸ்தான் 2005-இல் நடுநிலை நிபுணரைக் கேட்டது, வங்கி ரேமண்ட் லாஃபித் என்ற சுவிஸ் பொறியாளரை நியமித்தது. 2007 பிப்ரவரியில் அவர் கொடுத்த முடிவில் அணையின் உயரத்தில் 1.5 மீட்டரைக் குறைக்கச் சொன்னார், தேக்கிவைக்கும் அளவை 3.75 கோடி கன மீட்டரிலிருந்து 3.256 கோடியாக்கினார். ஆனால் வண்டலை வெளியேற்ற வழி இல்லாமல் அணை தூர்ந்துபோகக் கூடாது என்று சொல்லி, தாழ்வான மதகுகளை வைத்த இந்திய வடிவமைப்பை ஏற்றுக்கொண்டார். கார்கில் போர் நடந்து எட்டு வருடம்கூட ஆகாத நேரத்தில், இரண்டு அணு ஆயுத நாடுகளின் தண்ணீர்ச் சண்டை மதகின் உயரத்தில் வந்து முடிந்தது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன, அணையும் ஓடுகிறது.

வங்கிமேல் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. இந்தியாவின் கிஷன்கங்கா, ராட்லே நீர்மின் திட்டங்களில் 2016-இல் இந்தியா நடுநிலை நிபுணர் வேண்டும் என்றது, பாகிஸ்தான் நடுவர் மன்றம் வேண்டும் என்றது. ஒரே விஷயத்துக்கு எந்த வழி முதலில் என்று வங்கி தானே முடிவு செய்யவில்லை, இரு நாடுகளையும் பேசி ஒத்துப்போக வைக்கப் பார்த்ததும் பலிக்கவில்லை. அந்த டிசம்பரில் இரண்டையும் நிறுத்தி வைத்தது, ஆறு வருடம் கழித்து 2022-இல் இரண்டையுமே நியமித்துவிட்டது! ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் இரண்டு பதில் வந்தால் என்ன செய்வது என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. இந்தியா நடுவர் மன்றத்தைப் புறக்கணித்தது. யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று வங்கி இருந்ததில் ஒப்பந்தத்தின் மிக நல்ல பகுதி, அதாவது தகராறைப் பொறியாளர்களிடம் அனுப்பும் அந்தப் பழக்கம், பலவீனமாகிப்போனது. அந்த ஆண்டுகளில் அது இன்னும் துணிச்சலாக நடந்திருக்க வேண்டும்.

ஒருதலைப்பட்சமாக நிறுத்தி வைக்க ஒப்பந்தத்தில் வழியே இல்லை. இரு நாடுகளும் சேர்ந்து இன்னொரு ஒப்பந்தம் போட்டுத்தான் இதை முடிக்க முடியும் என்று 12-ஆவது பிரிவு சொல்கிறது. சரி, இருந்தும் நடந்துவிட்டதே என்றால், ஆமாம், உறுப்பு நாடு முடிவெடுத்துவிட்டால் எந்த உலக அமைப்பும் அதன் மதகில் போய் நிற்க முடியாது. இந்தியாவின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, மக்கள்தொகை, மின்தேவை, பருவநிலை எல்லாம் 1960-ஐ விட்டு வெகுதூரம் வந்துவிட்டன என்று சொல்லி ஒப்பந்தத்தை மறுபடி பேசித் திருத்த வேண்டும் என்று அது கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பழையதை மூடிய பிறகு நடுவில் எதுவும் இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. இரு நாட்டு ஆணையர்களும் வருடத்துக்கு ஒரு முறையாவது சந்திக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் கடைசியாக உட்கார்ந்தது 2022 மே மாதம் டெல்லியில். 2025 ஆகஸ்டில் ஜம்முவின் தாவி ஆற்றில் வெள்ளம் பெருகியபோது இந்தியா பாகிஸ்தானை எச்சரித்தது, நல்ல காரியம். ஆனால் அந்தத் தகவல் வழக்கம்போல ஆணையரிடமிருந்து ஆணையருக்குப் போகாமல் இஸ்லாமாபாத்திலுள்ள நம் தூதரகம் வழியாகப் போனது. ஒப்பந்தப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். இப்போது கொடுப்பதும் கொடுக்காததும் அந்தந்த நேரத்தில் டெல்லி எடுக்கும் முடிவு.