பழைய காரை நானே பழுது பார்த்துப் பராமரிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வி இதுதான்: 20 வருடம் ஓடிய பெட்ரோல் கார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, ஸ்பேனர் பிடிக்க ஓரளவுக்குத் தெரியும், எதையெல்லாம் நானே பார்த்துக்கொள்ளலாம், எதில் கை வைக்கக் கூடாது?

தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காலத்துக் கார்களில் பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும், பிளாஸ்டிக் மூடிகள் குறைவு, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். நானும் பல வருடங்களாக ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு வழக்கமான வேலைகளை நானே செய்து வருகிறேன். நான் பார்த்த வரையில் பழைய காரில் பணம் வீணாவது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: கோளாறு எங்கே என்று சோதிக்காமலே பார்ட்ஸ் வாங்கி மாட்டுவது. அதைத் தவிர்த்தாலே பாதிச் செலவு மிச்சம்.

இந்த வயதுள்ள காரில் பிஸ்டன், கிராங்க் மாதிரியான உலோகப் பாகங்கள், ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்டிருந்தால், நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது ரப்பரும், மின் இணைப்புகளும், உள்ளே ஊற்றி வைத்திருக்கும் திரவங்களும்தான். இவை ஓடிய கிலோமீட்டருக்குக் கெடுவதைவிட, கடந்துபோன வருடங்களுக்குத்தான் அதிகம் கெடும். அதனால் "வண்டி கம்மியாகத்தான் ஓடியிருக்கு" என்று விற்றவர் சொன்னதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஷெட்டில் சும்மா நின்ற வண்டி தினமும் ஓடிய வண்டியைவிட அதிகமாக வேலை வைக்கும்.

ஸ்பேனர் செட்டுக்கு முன்பே ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன், அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள்.

என் காரில் ஒரு சமயம் செல்ஃப் அடித்தால் இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றும். சூடாக இருக்கும்போது இன்னும் மோசம். பேட்டரி புதிது. பார்த்தவர்கள் எல்லோரும் ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்றார்கள். அதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்த்தேன். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை பேட்டரியின் மைனஸ் முனையிலேயே வைத்தேன், அதன் மேல் மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வைக்கவில்லை. இன்னொரு முள்ளை இன்ஜின் பிளாக்கில் துரு இல்லாத இடமாகப் பார்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். இரண்டு இடமும் ஒரே எர்த் என்பதால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், கால் வோல்ட் வரை போனால் பரவாயில்லை. ஒன்றரை வோல்ட் காட்டியது. மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய ஒன்றரை வோல்ட், பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயரிலேயே கரைந்துகொண்டிருந்தது.

ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். அவ்வளவு மின்னோட்டத்தில் 0.01 ஓம் தடைகூட ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும். அதே வயரைக் கழற்றி ஓம் கணக்கில் அளந்தால் நன்றாக இருப்பதாகவே தோன்றும், சாதாரண மீட்டருக்கு அவ்வளவு சிறிய தடை பிடிபடாது. லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட்டை அளந்தால்தான் குட்டு வெளிப்படும். நான் அந்த வயரைக் கழற்றி, முனைக்குப் பக்கத்தில் உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தேன். உள்ளே செம்புக் கம்பிகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. வெளியே கறுப்பு உறை புதிது போலவே இருந்தது. புது எர்த் வயர் போட்டு, அது உட்காரும் இடங்களை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடுக்கினேன். அதே ஸ்டார்ட்டர் மோட்டார்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

ஹெட்லைட் மங்கலாக எரிவது, பவர் விண்டோ மெதுவாக ஏறுவது, இண்டிகேட்டர் போட்டால் டேஷ்போர்டு மீட்டரின் முள் சேர்ந்து ஆடுவது, இவற்றுக்கெல்லாம் முதலில் எர்த்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டு நாள் நின்றால் பேட்டரி இறங்குகிறதா? மீட்டரை ஆம்பியரில் வைத்து மைனஸ் வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே இணையுங்கள். எல்லாக் கதவையும் மூடி, வண்டி முழுக்க உறங்கும் வரை காத்திருந்து பார்த்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது மட்டும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றும்போது எப்போதும் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது தீப்பொறி பறக்காது.

அப்புறம் திரவங்கள். இன்ஜின் ஆயிலைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை, மேனுவலில் போட்டிருக்கும் கிரேடை நேரத்துக்கு மாற்றுங்கள், வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் மூடிக்கு அடியில் மயோனைஸ் மாதிரி வெளுத்த பசை இருந்தால் உடனே ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல்) போய்விட்டது என்று பயந்துவிட வேண்டாம். குறைந்த தூரமே ஓட்டும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி வரும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்து, கூலண்ட்டும் குறைந்துகொண்டே வந்தால்தான் விஷயம் பெரிது.

கூலண்ட் விஷயத்தில்தான் பழைய கார்களுக்கு அதிக அநியாயம் நடக்கிறது. வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருப்பார்கள், ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் செம்மண் கரைசல் மாதிரி இருக்கும். கூலண்ட்டில் துருப் பிடிக்காமல் தடுக்கும் சேர்மானங்களும் உண்டு, தண்ணீர் பம்ப்பும் அலுமினிய ஹெட்டும் நீடிப்பது அதனால்தான். பழையதை வடித்து, தெளிவாக வரும் வரை அலசிவிட்டு, கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. மேனுவல் சொல்லும் வகையைப் பாருங்கள். வடித்ததைத் தரையில் விட்டுவைக்கவும் கூடாது. கூலண்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயோ பூனையோ நக்கினால் உயிரே போய்விடும்.

ஊற்றிய பிறகு உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கட்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஓடவிடுங்கள். கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட், பெரும்பாலும் அது 82 முதல் 88 டிகிரியில் திறக்கும். அதுவரை வெதுவெதுப்பாக இருந்த ரேடியேட்டர் ஹோஸ் அப்போது திடீரென்று சுடும், குமிழிகள் வந்து மட்டம் இறங்கும். இறங்க இறங்க நிரப்பி, குமிழி நின்றதும் மூடுங்கள். அதன் பிறகு சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் உள்ளே இருப்பது 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அவ்வளவும் கொதித்து முகத்தில் அடிக்கும். அந்த மூடியின் ரப்பர் காய்ந்துபோனாலே வண்டி சூடாக ஆரம்பிக்கும் என்பதால், ஓவர்ஹீட் என்றால் முதலில் மூடியை மாற்றிப் பார்ப்பது நியாயமான செலவு. சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்ஜின் எப்போதும் குளிர்ச்சியாகவே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பெடல் திடீரென்று உள்ளே போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டாட் 5 என்பது சிலிகான், அதை டாட் 3, டாட் 4 உடன் கலக்கவே கூடாது.

ரப்பருக்கு வருவோம். ரேடியேட்டர் ஹோஸைக் குளிர்ந்திருக்கும்போது கிளாம்ப்புக்குப் பக்கத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தாலும் மாற்ற வேண்டும், வெடிப்பு விழுந்திருந்தாலும் மாற்ற வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார் என்றால் ஆக்சில் பூட்டை (ஆக்சில் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) மறக்காதீர்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்து, டயருக்குப் பின்னால் டார்ச் அடித்தால் தெரியும். சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்திருக்கிறது. அந்த நேரத்திலேயே பார்த்தால் பூட் மாற்றுவதோடு செலவு முடிந்துவிடும். விட்டுவிட்டால் மண் புகுந்து ஜாயிண்ட்டே தேய்ந்து, வளைவில் "டக் டக்" என்று சத்தம் வரும்போது மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும்.

இன்ஜின் காற்றை உறிஞ்சும் பாதையோடு இணைந்த சிறிய வேக்கும் (வெற்றிட) குழாய்கள் வெடித்தாலும் பெரிய குழப்பம் வரும். ஐடில் ஏறி இறங்கும், செக் இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனர் போட்டால் பி0171 (P0171) என்ற கோளாறு எண் வரும். எரிபொருளோடு ஒப்பிட்டால் காற்று அதிகமாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்று அது சொல்லவில்லை, ஆனால் பலர் அதைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, பெல்ட்டையும் ஃபேனையும் விட்டு விலகி, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கொண்டு போங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் "உஸ்" என்று கேட்கும்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2315 என்றால் 2015-ஆம் வருடம் 23-வது வாரம் தயாரானது. பத்து வருடம் தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், மாற்றிவிடுங்கள். உங்கள் இன்ஜினில் டைமிங் பெல்ட் இருந்து, எப்போது மாற்றியது என்ற விவரம் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜின் மொத்தமாகப் போய்விடும். முதல் பெரிய செலவு இதுவாகவே இருக்கட்டும், அதோடு தண்ணீர் பம்ப்பையும் சேர்த்து மாற்றுங்கள். இதை முதல் வேலையாக நீங்களே எடுத்துச் செய்ய வேண்டாம், ஒரு பல் தள்ளி மாட்டினாலும் விளைவு மோசம்.

துருப் பிடித்த போல்ட் பழைய காரின் நிரந்தரச் சொந்தம். முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயிலை அடித்துவிடுங்கள். ஆறு மூலை சாக்கெட் போடுங்கள், பன்னிரண்டு மூலை சாக்கெட் தலையை மழுக்கிவிடும். கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன் முடுக்கும் பக்கம் மயிரிழை அளவு அசைத்தால் துரு விடும். ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகே கழற்றுங்கள், அலுமினிய ஹெட்டின் மறை சூட்டில் எளிதாகக் கெடும். மாட்டும்போது பிளக்கின் தலையில் ஒரு சின்ன ரப்பர் குழாயைச் செருகி, அந்தக் குழாயை விரலால் சுற்றி ஏற்றுங்கள். மறை கோணலாகப் பிடித்தால் ரப்பர் வழுக்கிவிடும், மறை தப்பிக்கும். கடைசி முறுக்குக்கு மட்டும் டார்க் ரென்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), அளவு உங்கள் மாடலின் மேனுவலில் இருக்கும்.

வண்டிக்கு அடியில் போகிற வேலைக்கு ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள். கெட்டியான சமதரை, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை, பாடியில் அதற்கென்று இருக்கும் இடத்தில் ஜாக் ஸ்டாண்ட், பிறகு கையால் ஒரு பலமான ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வயது காரில் ஸ்டாண்ட் வைக்கும் இடமே துருவில் அரித்திருக்கலாம், ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

கை வைக்கக் கூடாதவை: சஸ்பென்ஷன் காயில் ஸ்ப்ரிங்கை இறுக்கிக் கழற்றுவது, ஏர்பேக் மற்றும் அதன் மஞ்சள் கனெக்டர்கள், ஏசி கேஸ். இவை மூன்றுக்கும் அதற்கான கருவியும் பயிற்சியும் வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் குழாய்க்குள் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும், அதை இறக்காமல் கழற்றினால் சூடான இன்ஜின் மேல் பீச்சும். பிரேக் பேட் மாற்றுவது நீங்கள் செய்யக்கூடிய வேலைதான், பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். ஆனால் பிரேக் குழாய், மாஸ்டர் சிலிண்டர் வேலையைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கும் வரை நீங்களாகச் செய்ய வேண்டாம். பேட் மாற்றி முடித்ததும், வண்டியை ஒரு அடி நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளி வைத்திருப்பதால் முதல் மிதி தரை வரை போகும்.