கோட்டுக்கு முன்னால் வண்டி

அன்புள்ள அக்கா,

நான் லெஸ்டரில் இருக்கிறேன். ஒன்பது வயது மகனுக்காக கராஜில் ஒரு ஸ்லாட் கார் டிராக், அதாவது காடிக்குள் (பள்ளக் கோட்டுக்குள்) மாட்டி மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார்களுக்கான பந்தயத் தடம், செய்துகொண்டிருக்கிறேன். கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் டிராக் இல்லை, 14 அடிக்கு 5 அடி எம்டிஎஃப் (மரத்தூள் நாரை அழுத்திச் செய்த) பலகையில் நானே ரூட்டரால் காடி வெட்டியது. இரண்டு தடம், 1:32 அளவு வண்டிகள். சாம்பல் எமல்ஷன் அடித்து, காடியின் இரு பக்கமும் தாமிர டேப்பும் ஒட்டிவிட்டேன். ஓரத்து வெள்ளைக் கோட்டில்தான் மாட்டிக்கொண்டேன். 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்தால், பெயின்ட் அடியில் கசிந்து பிசிறடிக்கிறது. வளைவுகளில் டேப் சுருங்கிக்கொள்கிறது. தேய்த்து அழித்துவிட்டு மறுபடி அடித்தாலும் அதே கதை. கோடு முடிகிறவரை வண்டியை வைக்கக்கூடாது என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன், டயர் தடம் விழுந்துவிடும் அல்லவா? பேசாமல் வினைல் கோடு வாங்கி ஒட்டிவிடலாமா? வெள்ளை பளபளப்பாக இருக்கவேண்டுமா, மங்கலாகவா? போர்ட்ஸ்மத் வீட்டுக்காரரின் டிராக் பற்றி ஒரு கட்டுரையில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். நாற்பது வயதில் இதற்கு இவ்வளவு நேரம் செலவழிப்பது சரியா என்றும் ஓர் உறுத்தல். கோடு வெறும் அழகுக்குத்தான் என்று தெரியும். ஆனாலும் விடமுடியவில்லை.

கே.

அன்புள்ள கே,

சில நாட்களாக ஒரு கிழவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சாலை ஓரத்தில் வெள்ளைக் கோடு போடவைத்த மனிதர். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் இரண்டு வரியில் மின்னஞ்சல் போட்டு முடித்திருப்பேன். அந்த இரண்டு வரியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டேப்பின் விளிம்பை நகத்தால் நீவிவிட்டு, டிராக்குக்கு அடித்த அதே சாம்பலை விளிம்பின் மேல் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுங்கள். கசிய வேண்டியது சாம்பலாகவே கசிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். சாம்பல் மேல் சாம்பல், யாருக்குத் தெரியும்? அது காய்ந்ததும் வெள்ளை. அதையும் கெட்டியாக ஒரே பூச்சாக அடிக்காமல் மெல்லிசாக இரண்டு. கடைசிப் பூச்சு முழுக்கக் காய்வதற்குள் டேப்பை அதன் மேலேயே மடித்துச் சாய்வாக, நிதானமாக இழுங்கள். வளைவுக்குக் காகித டேப் ஆகாது. டாமியா போன்றவர்கள் விற்கிற, வளைந்துகொடுக்கும் மெல்லிய டேப்பை விளிம்புக்கு ஒட்டி, அதற்கு வெளியே காகித டேப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை மங்கலாகவே இருக்கட்டும். வினைல் வேண்டாம். நாற்பது வயது உறுத்தலை நான் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆயிற்றா? இனி திட்டு.

10 மில்லிமீட்டர் என்கிறீர்கள். 32ஆல் பெருக்கிப் பாருங்கள். 32 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட முக்கால் முழம். உங்கள் பையனின் குட்டி டிரைவர் அந்த டிராக்கில் இறங்கி நின்றால் கோட்டின் மேல் பாய் விரித்துப் படுப்பான். பந்தயத் தடங்களின் ஓரக்கோட்டுக்கு உலக கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ கேட்பது குறைந்தது 10 சென்டிமீட்டர் அகலம். உங்கள் பலகையில் அது 3 மில்லிமீட்டர் சொச்சம்தான். பிசிறைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனிதர் அகலத்தை எப்படிக் கோட்டைவிட்டீர்கள் என்று தெரியவில்லை.

இது சின்ன விஷயம். எனக்குக் கோபம் வந்த வரி வேறு. கோடு முடிகிறவரை வண்டியை வைக்கக்கூடாது என்று ஒன்பது வயதுப் பையனிடம் சொல்லியிருக்கிறீர்களே, அந்த வரி. காடி வெட்டியாயிற்று, தாமிரம் ஒட்டியாயிற்று, மின்சாரம் கொடுத்தால் வண்டி ஓடும். ஆனால் ஓடக்கூடாது. ஏன்? அப்பா கோடு போடுகிறார். பாவம், அந்தப் பிள்ளை கராஜ் வாசலில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பாவ புண்ணியத்தை விடுங்கள். நீங்கள் செய்வது தொழில்முறையிலேயே தப்பு. வண்டி ஓடாமல் கோடு எங்கே வரவேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

போர்ட்ஸ்மத்தில் நான் மருத்துவமனை வேலையில் இருந்தபோது குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், கப்பல் துறையில் பெயின்ட் அடித்தே ஓய்வு பெற்றவர். பக்கத்து ஊரான ஹேவன்ட்டைப் பற்றி அவருக்கு ஏகப்பட்ட பெருமை. அங்கே இருந்த மினிமாடல்ஸ் கம்பெனியின் ஃபிரெட் பிரான்சிஸ்தான் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பேர்போன ஸ்லாட் கார் செட்டைச் செய்தவர். 1952இல் பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் தகரக் கார்களாக ஆரம்பித்து, 1957இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் மின்சாரக் கார்களாகக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே கம்பெனியை லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய பொம்மைக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். அந்த விற்பனையைப் பற்றி வீட்டுக்காரர் சொந்த அண்ணன் பாகம் பிரித்துக்கொண்டு போன மாதிரி வருத்தப்படுவார்.

அவருடைய கராஜிலும் பலகையில் காடி வெட்டிய டிராக் இருந்தது. ஞாயிறு மாலைகளில் அவருடைய பழைய சகாக்கள் வருவார்கள். எனக்குக் கன்ட்ரோலர் தரமாட்டார்கள், மார்ஷல் வேலை கொடுப்பார்கள். காடியை விட்டுத் துள்ளி விழுகிற வண்டியை ஓடிப்போய் எடுத்து மறுபடி வைக்கவேண்டும். வளைவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருப்பேன். தரையில் குனிந்து குனிந்து இடுப்பு வலித்தாலும், வண்டியின் வால் என்ன செய்கிறது என்று அந்த இடத்திலிருந்து பார்த்ததைப் போல வேறு எங்கிருந்தும் பார்க்கமுடியாது.

ஆயுள் முழுக்கப் பெயின்ட் அடித்த மனிதர், டிராக்கில் மட்டும் பல மாதம் ஒரு கோடுகூடப் போடவில்லை. வெறும் சாம்பல் பலகையில்தான் ஓட்டினார்கள். சகாக்கள் கேலி செய்வார்கள். அவர் வாயே திறக்காமல் பின்டயர்களில் நீலச் சாக்கைத் தேய்ப்பார். ஸ்னூக்கர் குச்சியின் நுனியில் தேய்ப்பார்களே, அந்தச் சாக். வண்டி சுற்றிவந்தால் வளைவில் நீலமாக ஒரு கீற்று விழும். அடுத்த சுற்றில் பக்கத்திலேயே இன்னொன்று. நிதானமாக ஓட்டினால் பின்சக்கரம் காடியைவிட உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். விரட்டினால் வால் வெளியே வீசும். கொஞ்ச நேரத்தில் வளைவு முழுக்க நீலம் விசிறி போலப் பரவிவிடும். அந்த நீலம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஒரு விரல் தள்ளி பென்சிலால் புள்ளி வைப்பார். சாக் பூசினால் பிடிப்பு குறையுமே, வால் வழக்கத்தைவிட அதிகமாக வீசுமே என்று ஒரு முறை கேட்டேன். வீசட்டும், டயர் பழசானாலும் அப்படித்தானே வீசும், கோட்டுக்கு இடம் மிச்சமிருக்கும் என்றார்.

உங்கள் டிராக்கில் இது இன்னும் முக்கியம். காரணம் சொல்கிறேன். கடையில் வாங்கும் செட் வண்டிகளின் அடிவயிற்றில் காந்தம் இருக்கும். பிளாஸ்டிக் டிராக்கின் தண்டவாளம் எஃகு. காந்தம் அதைப் பிடித்துக்கொள்வதால் வண்டி வளைவில் ஒட்டிக்கொண்டு போகும், வால் அசையாது. நீங்கள் ஒட்டியிருப்பது தாமிரம். காந்தத்துக்குத் தாமிரம் ஒரு பொருட்டே இல்லை. பிளாஸ்டிக்கில் சாதுவாகப் போன அதே வண்டி உங்கள் பலகையில் பின்புறத்தை வீசி எறியும். எவ்வளவு வீசும் என்பது டயர், பெயின்ட், வளைவின் ஆரம், பையனின் விரல் எல்லாவற்றையும் பொறுத்தது. காடியிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று சுற்றிலும் ஒரே அளவு வைத்து நீங்கள் அடித்திருக்கிறீர்கள், சரிதானே? நேர்ப்பாதையில் அது சரி. கொண்டையூசி வளைவின் வெளிப்புறத்தில் வண்டியின் பாதி உடம்பு கோட்டுக்கு வெளியேதான் போகும். அப்புறம் நீங்கள் எவ்வளவு கூர்மையாக விளிம்பு எடுத்தாலும் பார்க்கிறவர்களுக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது.

கோடு வெறும் அழகுக்குத்தான் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? ஸ்லாட் காரில் ஸ்டியரிங் கிடையாது, ஓட்டுகிறவனிடம் இருப்பது ஒரு விசை மட்டும். ஐந்தாறு அடி தள்ளி நிற்கிறான். சாம்பல் பலகையில் சாய்ந்துபோகிற வண்டியின் கோணம் அவனுக்குச் சரியாகப் பிடிபடாது. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தால் வால் அதை நோக்கிப் போகிறதா, தொட்டுவிட்டதா, விரலைத் தளர்த்தலாமா என்று கண் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்ளும். போர்ட்ஸ்மத்தில் கோடு போட்ட பிறகு எனக்கு மார்ஷல் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

அந்தக் கிழவர் கதைக்கு வருகிறேன். ஜான் வான் நாஸ்ட்ரண்ட் டோர், 1872இல் பிறந்த அமெரிக்கர். இளம் வயதில் எடிசனின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். பிறகு சுரங்கத் தொழிலுக்குப் போய், அரைத்த தாதுவையும் சேற்றுநீரையும் பிரிக்கும் இயந்திரங்களைக் கண்டுபிடித்துப் பேரும் பணமும் சேர்த்தவர். சாலைக்கும் அவருக்கும் தொழில் உறவு எதுவும் இல்லை. சாலையின் நடுக்கோடு மிச்சிகனின் வெய்ன் கவுன்டியில் 1911இலேயே வந்துவிட்டது. நடுவில் கோடு இருக்கிறது, ஓரத்தில் ஒன்றும் இல்லை. 1950களின் தொடக்கத்தில், எண்பது வயதை ஒட்டி, டோர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இருட்டிலும் மழையிலும் பனிமூட்டத்திலும் ஓட்டுகிறவர்கள் தெரிகிற ஒரே கோட்டை, அதாவது நடுக்கோட்டை, அணைத்துக்கொண்டே போகிறார்கள். எதிரே வருகிறவரும் அதையேதான் அணைத்துக்கொண்டு வருகிறார். அப்புறம் மோதாமல் என்ன செய்யும்? நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் கவுன்டிப் பொறியாளர்களை நச்சரித்து, வளைவும் மேடும் பள்ளமுமான ஒரு சாலையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு போடவைத்தார். விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. அடுத்து கனெக்டிகட்டிலும் சோதித்தார்கள். தன் அறக்கட்டளைப் பணத்தைப் போட்டு அதை ஊர் ஊராகப் பரப்பினார். இன்று நீங்கள் லெஸ்டரிலிருந்து லண்டனுக்கு இரவில் வண்டி ஓட்டும்போது இடது பக்கம் கூடவே வருகிற கோட்டைப் பார்த்தால் இந்தக் கிழவரின் நச்சரிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? அவர் முதலில் பார்த்தது பெயின்ட்டை இல்லை, சக்கரத்தை. வண்டிகள் எங்கே போகின்றன, ஏன் அங்கே போகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கச்சொன்னார்.

இதற்கு நேர்மாறாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 ஆஸ்திரிய ஃபார்முலா 1 பந்தயத்தைப் பாருங்கள். விதி சுலபமானது. வெள்ளைக் கோடும் தடத்தில் சேர்த்தி, அதற்கு வெளியே உள்ள கெர்ப், அதாவது ஓரத் திண்டு, சேர்த்தி இல்லை. வண்டியின் ஒரு பகுதியாவது கோட்டுக்குள் இருக்கவேண்டும். ஆனால் ரெட் புல் ரிங்கின் கடைசி இரண்டு வளைவுகளில் கோட்டைத் தாண்டிப் போனால்தான் வேகம், தாண்டினாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. ஒரே பந்தயத்தில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட சந்தேகப் புகார்கள். பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்தும் தண்டனை எழுதிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் அங்கே ஓரத்தில் சரளைக்கல் கொட்டினார்கள். அந்த வளைவுகளில் கோட்டைத் தாண்டுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அத்தனை கேமராக்கள் வைத்துக் காவல் காத்தும் நிற்காத கோடு அது, சக்கரம் போகிற போக்குக்குக் குறுக்கே போட்டதால். கூர்மையாக விளிம்பு எடுத்துத்தான் அடித்திருந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, நீங்கள் செய்யவேண்டியது. இப்போது போட்டிருக்கும் கோட்டைச் சாம்பலால் மூடிவிடுங்கள். பையனிடம் கன்ட்ரோலரைக் கொடுங்கள். அவன் நண்பர்களையும் கூப்பிடச் சொல்லுங்கள், ஒரே கை ஓட்டினால் ஒரே மாதிரிதான் வால் வீசும். டயர் தடம் விழும் என்று பயப்பட்டீர்களே, விழட்டும், அதுதான் உங்களுக்கு வேண்டிய வரைபடம். போதாவிட்டால் சாக். பிழிந்த துணியால் துடைத்தால் போய்விடும், தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், எம்டிஎஃப் ஊதிக் காடி இறுகிவிடும். தாமிரம் காடியை ஒட்டி இருக்கிறது, கோடு ஓரத்தில் வருகிறது, ஓட்டிய பிறகு அடித்தால் தாமிரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை.

புள்ளிகள் கிடைத்ததும் கைபோன போக்கில் இணைக்கவேண்டாம். கப்பல் வரைபடக்காரர்கள் வளைந்துகொடுக்கும் மெல்லிய சட்டத்தை வளைத்து, ஈயக் கட்டிகளால் அங்கங்கே அழுத்திவைத்து அதை ஒட்டிக் கோடு இழுப்பார்கள். என் வீட்டுக்காரர் ஜன்னல் ஓரத்துப் பிளாஸ்டிக் பட்டையையும் பீன்ஸ் டின்களையும் வைத்து அதையே செய்தார். பட்டை தன் இயல்பில் வளையும், உடையாது, திடீரென்று திரும்பாது. நேர்ப்பாதை வளைவாக மாறும் இடத்தில் கோடு முட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும். கண் பார்ப்பது அந்த ஓட்டத்தைத்தான். அரை மில்லிமீட்டர் பிசிறை உங்களைத் தவிர ஒருவரும் பார்க்கப்போவதில்லை. அப்படியும் மனம் கேட்காவிட்டால், மேலே சொன்ன சாம்பல் பூச்சு இருக்கிறது.

பென்சில் கோட்டைப் பையனையே இழுக்கச் சொல்லுங்கள். டின்களை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம். அதுவரை வெள்ளை டப்பாவை நன்றாக மூடிவையுங்கள், ஆடை கட்டிவிடும்.

அன்புடன்,
அக்கா