நாற்சார் வீட்டில் கல்யாணம்: கேட்டவர்களுக்குப் பதில்

முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளைப் பக்கம், நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய அம்மப்பாவின் நாற்சார் வீட்டைத் திருத்தி எடுத்து, ஏழு வருடமாக அந்த வளவில் கல்யாணம், சாமத்திய வீடு, அந்தியேட்டி எல்லாம் நடத்தி வருகிறேன். பழைய வீடு வைத்திருப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் கிணறு. பழைய வளவுக் கிணறுகளுக்குச் சுற்றுக்கட்டு தாழ்வு. கொண்டாட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அது புது இடம். இரும்பு வலை போட்டு மூடிவிட்டு அழைப்பிதழ் அடியுங்கள்.

மல்லாவி: 400 பேர் வருவார்கள் அக்கா. வீடு தாங்குமா?

வீட்டுக்குள் 400 பேரை ஏற்றாதீர்கள் தம்பி. தாலி கட்டும் நேரத்தில் இரு வீட்டாரும் பெரியவர்களும் இருக்கத்தான் உள்விறாந்தை. எங்கள் வீட்டில் 60 பேர் தாண்டினால் மூச்சு முட்டும். மற்றவர்கள் மாமரத்தடியில், கொட்டகைக்குக் கீழ் இருக்கட்டும். கொட்டகைக்குத் தனியே கம்பு நடுங்கள். வீட்டுத் தூணில் கயிறு கட்டவோ ஆணி அடிக்கவோ விடாதீர்கள். பந்தல்காரருக்கு அவசரம் இருக்கும், நீங்கள்தான் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் ஒரு மணித்தியாலம் கடைக்குப் போன இடைவெளியில் முதிரைத் தூணொன்றில் நாலு அங்குல ஆணி இறங்கிவிட்டது. அந்த வெடிப்பைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு வலிக்கும்.

லண்டன்: பண்டாரவன்னியன் காலத்து வீடு என்று விளம்பரம் போடலாமா?

ஆதாரம் இருந்தால் போடுங்கள். வன்னியை ஆண்ட அவர் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது 1803இல். உங்கள் கூரை ஓடு ஒன்றைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். மங்களூர் முத்திரை இருந்தால் அந்த ஓடு 1865க்குப் பிந்தியது. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபை அங்கே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. கூரையைப் பிறகு மாற்றியிருக்கலாம், அதனால் காணி உறுதியையும் பாருங்கள். உண்மையிலேயே 1815க்கு முந்திய கட்டடம் என்றால் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் கூடவே வரும். திருத்த வேலை தொடங்க முன்னர் தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான்: எங்களுக்கு 250 பேர். வீடு கொள்ளுமா?

முதல் பதிலைப் பாருங்கள். கிணற்றை மூடியாயிற்றா?

புதுக்குடியிருப்பு: தலைவாசல் சுவரில் போர்க்காலத்துத் துப்பாக்கிச் சன்னம் பட்ட குழிகள் இருக்கின்றன. கல்யாணப் படம் எடுக்க முன்னர் சீமெந்தால் பூசிவிடலாமா?

சீமெந்து வேண்டாம் தங்கச்சி. சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை இழுத்து மெதுவாக வெளியே விடும். சீமெந்து அதை அடைத்துவிடும். மாரி முடிய அந்த ஈரம் ஓரங்களால் வெளியேறி, உப்புப் பூத்து, சுற்றியுள்ள நல்ல பூச்சையும் உதிர்த்துவிடும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேற்படாமல் அப்பி, ஈரச்சாக்குத் தொங்கவிட்டுக் காயவிடுங்கள். கல்யாணத்துக்கு முதல் வாரம் தொடங்கினால் காயாது. இரண்டு மாதமாவது வேண்டும்.

பூசுவதா விடுவதா என்பது உங்கள் வீட்டாரின் முடிவு. நான் நாலு குழியை விட்டுவைத்திருக்கிறேன். மீளக்குடியேறி வந்த அன்று அம்மா அந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதை மூட எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ சோடிகள் அந்தச் சுவரோடு நின்று படம் எடுத்துவிட்டார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை.

கிளிநொச்சி: பின்காணி பற்றையாகக் கிடக்கிறது. அங்கே வாகனம் விடலாமா?

கண்ணிவெடி அகற்றி விடுவித்த காணி என்று உறுதியாகத் தெரியாமல் ஒருவரையும் இறக்காதீர்கள். பற்றை வெட்ட வருபவரையும்தான். முன்பக்கம் விடுவதென்றால் மலக்குழி மூடிக்கு மேல் வான் ஏறாதபடி சுற்றிக் கயிறு கட்டுங்கள்.

நெடுங்கேணி: எங்களது அரசாங்கம் பேர்மிற்றில் தந்த காணி. வாடகைக்கு விடலாமா?

பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள். இது என் துறை இல்லை.

துணுக்காய்: விடியும்வரை பாட்டுப் போடலாமா?

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி இல்லை. உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னது.

ரொறன்ரோ: நடு முற்றத்துக்கு ஒளிபுகும் தகட்டில் நிரந்தரக் கூரை போட்டு, அங்கேயே மணவறை வைக்கப்போகிறோம். நல்ல யோசனைதானே?

இல்லை. நாற்சார் வீட்டுக்கு மூச்சே அந்த முற்றம்தான். நாலு பக்கக் கூரையும் உள்ளே சரிந்து, மழைநீர் முற்றத்தில் விழுந்து, வாய்க்கால் வழியே வளவுக்குப் போகும். சூடும் ஓமப்புகையும் அதன் வழியேதான் மேலே போகும். மூடினால் தண்ணீருக்குப் பீலி வைக்க வேண்டும். பீலியை மாவிலை அடைக்கும், பிறகு கூரை வளைமரம் உக்கும். அறைகள் இருட்டாகும்.

வவுனியா (இடையில்): அக்கா, ஐப்பசி முகூர்த்தத்தில் மழை கொட்டினால் ஐயர் எங்கே இருப்பார்? வெளிநாட்டார் ரிக்கெற் போட்ட பிறகு திகதியை மாற்றுவார்களா?

ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை. வளவில் பந்தி வைக்கும் கல்யாணத்துக்கு வைகாசி, ஆனி, ஆவணிதான் சரி. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் திங்கட்கிழமையை மட்டும் விட்டுவிடுங்கள். அன்று இந்த றோட்டால் வாகனம் நகராது.

வவுனியா: வெளிநாட்டில் பள்ளி விடுமுறையின் பாதி ஆடியில் போய்விடும். ஆவணியில் மண்டபமும் இல்லை, ஐயரும் இல்லை. மழைக்காலத்தை விலக்கினால் பழைய வீட்டை யார் எடுப்பார்கள்? வருமானம் இல்லாவிட்டால் வீடும் விழும்.

கடைசியில் சொன்னது உண்மை. பாதிக் கதவுகளை நான் திருத்தியது கல்யாணக் காசில்தான். ஆனாலும் அதற்காக முற்றத்தை மூட முடியாது.

மன்னார்: எங்கள் அப்பா தகடு போட்டார். பங்குனி, சித்திரையில் உள்ளே இருக்க முடியாது. போன வருடம் கழற்றினோம்.

கேட்டீர்களா ரொறன்ரோ.

வவுனியா: சரி, படங்கு? முற்றத்தின் நாலு மூலையிலும் கம்பு நட்டு, கூரை ஓரத்துக்கு இரண்டடி மேலே, ஓட்டுக்கு மேலாக வெளியே நீட்டிக் கட்டினால்?

இதை ஏற்கிறேன். தண்ணீர் ஓட்டில் விழுந்து வழிந்து முற்றத்து ஓரத்தால் வாய்க்காலுக்குப் போகும், நடுவில் மணவறை நனையாது. இரண்டடி இடைவெளியால் புகையும் போகும். கம்பைத் தரையில் தோண்டாமல் மண் நிரப்பிய தகரத்தில் நிறுத்துங்கள். ஓமத்தைப் பெரிதாக வளர்க்க வேண்டாம் என்று ஐயரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், இரண்டு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். அன்றிரவே படங்கைக் கழற்றிவிடுங்கள், காற்றடித்தால் ஓடும் சேர்ந்து போகும்.

முல்லைத்தீவு: கல்யாணத்துக்கு நடும் கன்னிக்காலை வளவில் எங்கே நடுவது?

வடகீழ் மூலையில். கன்னிக்காலாக நடும் முள்முருக்கந் தடி துளிர்க்கும், ஆகவே மரமாக நிற்கக்கூடிய இடமாகப் பாருங்கள். எங்கள் வளவில் மூன்று துளிர்த்து நிற்கின்றன, அந்தச் சோடிகள் ஊருக்கு வரும்போது வந்து பார்ப்பார்கள். வடகீழ் மூலையில் கிணறு இருந்தால் பத்தடியாவது தள்ளி நடுங்கள், வேர் கிணற்றுக் கட்டைப் பிளக்கும். அந்தக் கிணற்றுக்கும் வலை போடுங்கள்.