வாசகர் கேள்வி பதில்: உப்புக் காற்றில் ஒரு அலுமினியக் கார்

கேள்வி: எங்கள் கராஜுக்கு 1958ஆம் ஆண்டு பியட் அபார்த் 750 ஸகாட்டோ வந்திருக்கிறது. கதவின் அடிவிளிம்பில் பெயின்ட் கொப்பளிக்கிறது. கூரையில் இரண்டு புடைப்புகள். தட்டி மட்டமாக்கலாமா?
– உப்புவெளி வாசகர்

பதில்: தயவுசெய்து கூரையில் கைவைக்காதீர்கள். காற்றுத் தடையைக் குறைக்கக் கூரையைத் தாழ்த்திய ஸகாட்டோ (இந்தக் காரின் வெளியுடலைக் கட்டிய இத்தாலியப் பட்டறை), உள்ளே இருக்கும் இருவருக்கும் தலை முட்டாதபடி எழுப்பிய புடைப்புகள் அவை. இந்தக் காரின் அடையாளமே அதுதான்.

கொப்பளத்தை மட்டும் உடனே கவனியுங்கள். வெளித்தகடு அலுமினியம், அது மடிந்து பிடிக்கும் சட்டம் இரும்பு. நடுவில் உப்பீரம் புகுந்தால் மின்கலம் போலாகி, அலுமினியம்தான் கரையும். பெயின்டின் கீழ் வெள்ளைப் பொடி இருந்தால் சந்தேகமே இல்லை. வாடைக் காலத்தில் கடலோரத்தில் இது வேகமாகப் பரவும்.

மடிப்பை விரிக்க வேண்டும். பழைய தகடு இறுகியிருப்பதால் அப்படியே விரித்தால் வெடிக்கும். சவர்க்காரக் கட்டியை மடிப்பில் தேய்த்து, மெல்லிய சுவாலையை அலையவிட்டுச் சூடாக்குங்கள். சவர்க்காரம் கறுத்ததும் நிறுத்துங்கள், தகடு இளகிவிட்டது. இரும்பைப் போலச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால், சிவக்காமலே சுமார் 660 பாகையில் உருகிக் கொட்டும்.

கம்பித் தூரிகை வேண்டாம். இரும்புத் துகள் பதிந்து அங்கிருந்தே மறுபடி அரிக்கும். கோஸ்டிக் சோடா தகட்டையே தின்னும். 180ஆம் இலக்க சாண்ட்பேப்பரால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, தாமதிக்காமல் எபொக்சி பிரைமர் அடியுங்கள். சட்டத்தின் கறளையும் நீக்கி அதே பிரைமரை இருமுறை அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே பொலியூரிதேன் சீலர் வைத்த பிறகே மடியுங்கள். சீலர் கதவடியின் நீர்த்துளையை அடைத்துவிடாமல் பாருங்கள்.

கேள்வி: முன்பு பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசியிருக்கிறார்களா என்று காந்தத்தால் பார்க்கலாமா?

பதில்: முடியாது. அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது, பட்டியிலும் ஒட்டாது. விரல் நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். மந்தமான ஓசை வரும் இடத்தில் பட்டி இருக்கிறது.

கேள்வி: எஞ்சின் அபார்த்துடையதுதானா?

பதில்: பியட் 600இன் எஞ்சினைப் பெருப்பித்துத்தான் அபார்த் நிறுவனம் தன் எஞ்சினைச் செய்தது, ஆகவே சிலிண்டர் ஹெட்டை (எஞ்சினின் மேல்மூடியை) கழற்றி அளவெடுங்கள். அபார்த் 747 சிசிக்கு சிலிண்டர் விட்டம் 61 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 64. ஓட்டம் 56 என்றால் பியட் 600இன் 633 சிசி எஞ்சின். ஏமாற்றக்கூடியது பியட் 600இன் பிந்தைய வடிவமான 600டியின் எஞ்சின்: ஓட்டம் 63.5. அதை விட்டத்தை வைத்துத்தான் பிடிக்கலாம், 62 இருக்கும். சிலிண்டரை முன்பே கடைந்து பெருப்பித்திருந்தால் அந்த அளவும் மாறியிருக்கும்.