தராசுக்குப் போகாத பொழுது

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகியின் கடிதமும் என் பதிலும். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

வணக்கம் ஐயா,

நான் கொழும்பில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். ஊர் ஹட்டனுக்குக் கிட்ட, காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் தெரிகிற ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா அங்கே 38 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மா போன வருடம் தவறிவிட்டார். அதற்குப் பிறகு அப்பா லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) தனியாகத்தான் இருக்கிறார். வெள்ளவத்தைக்கு வந்து என்னோடு இருங்கள் என்றால் "பாப்போம், பாப்போம்" என்கிறாரே தவிர வருகிற மாதிரி இல்லை.

காலையில் எழும்பி லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் லீக்ஸ், போஞ்சி (பீன்ஸ்) பார்க்கிறார். அம்மா பெயின்ட் வாளிகளில் வைத்த மஞ்சள் டேலியாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பின்னேரமானால் தூண்டிலை எடுத்துக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குப் போய்விடுகிறார். பல நாள் வெறுங்கையோடுதான் வருவாராம். போன கிழமை சித்தப்பா போன் எடுத்து, "ஒங்கப்பனுக்கு மனசு சரியில்ல போல, தண்ணியப் பாத்துக்கிட்டு மணிக்கணக்கா ஒக்காந்திருக்காரு" என்றார். சொந்தக்காரர்கள் நான் அவரைக் கைவிட்டுவிட்டேன் என்று பேசுகிறார்கள். அவர் துக்கத்திலேயே கிடக்கிறாரா, இல்லை இதனால்தான் தேறி வருகிறாரா? கட்டாயப்படுத்தியாவது கூட்டிக்கொண்டு வருவதுதான் மகளின் கடமையா? நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
ஒரு மகள்

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவை இழந்த உங்கள் துக்கத்தில் நானும் பங்குகொள்கிறேன். ஒரு வருடம் ஆகிவிட்டதே என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். அப்பாவுக்கு அது போன கிழமை நடந்த மாதிரித்தான் இருக்கும்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் தேறி வருகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உங்கள் அப்பா ஒருவருடைய விஷயம் மட்டும் இல்லை.

மற்ற ஊர்த் தமிழர்களுக்குத் தோட்டம் என்றால் பூவும் காயும். நமக்குத் தோட்டம் என்றால் எஸ்டேட். "தோட்டத்துல பொறந்தவன்" என்று நம்மைச் சொல்கிறபோது அந்தச் சொல்லில் காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்களமும் கொழுந்துச் சாக்கும் தராசும் சேர்ந்தே வருகின்றன. ஒரு நாள் உழைப்புக்கு நம் ஊரில் பெயர் என்ன? பேர். சொன்ன கிலோ எடுத்தால் ஒரு பேர், எடுக்காவிட்டால் அரைப்பேர். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பதைப் பார்த்துத்தான் நாமெல்லாம் கணக்குப் படித்தோம். ஆண்களுக்குத் தராசு இல்லை என்றாலும் அளவு இருந்தது: தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் எத்தனை செடி, கான் (வடிகால்) வெட்டினால் எவ்வளவு நீளம். 38 வருடம் ஒரு மனிதரின் கை அசைந்ததெல்லாம் இன்னொருவருடைய கொப்பியில் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த மனிதர் இன்றைக்கு ஒரு லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மண் அணைக்கிறார், யாரும் எண்ணவில்லை. தண்ணீர்க் கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மீன் இல்லாமல் வருகிறார், யாரும் அரைப்பேர் போடவில்லை. இந்த நேரத்தின் ருசி அவருக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

என் அப்பாயி மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து எடுத்தவர். பகல் முழுக்க மலையில் நின்றுவிட்டு, கூடையை இறக்கி வைத்த கையோடு லயத்துக் கோடியில் இருந்த கையகல இடத்தில் இருட்டுகிற வரைக்கும் கொத்திக்கொண்டிருப்பார். நான் சின்னப் பையன். "இவ்வளவு நேரம் மண்ணுல நின்னீங்களே, இன்னும் என்ன மண்ணு?" என்று ஒருநாள் கேட்டேன். "அது தொரை மண்ணு, இது ஏம் மண்ணு" என்றார். அந்த இடமும் தோட்டத்துக்குச் சொந்தமானதுதான், ஒரு துண்டுக் காகிதம்கூட அவரிடம் இருந்ததில்லை. ஆனால் அங்கே எதை நடுவது, எப்போது பறிப்பது, அடுத்த காம்பிராவில் (லயத்து அறையில்) யாருக்குக் கொடுப்பது என்பதை அவர்தான் தீர்மானித்தார். மலையில் இருந்து வரும்போது குனிந்திருந்த முதுகு அந்தப் பாத்தியில் நிமிர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுத் தோட்டம் செய்கிறவர்களின் மனம் ஏன் இலேசாகிறது என்பதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 30 பேருக்கு முதலில் மனதை நெருக்குகிற ஒரு வேலையைக் கொடுத்தார்கள். அப்புறம் பாதிப் பேரை அரை மணி நேரம் தங்கள் தோட்டத்தில் வேலை செய்யவும், மீதிப் பேரை உள்ளே இருந்து வாசிக்கவும் விட்டார்கள். இரண்டு பக்கமும் உடம்பில் பதற்றத்தோடு சுரக்கிற கோர்ட்டிசோல் குறைந்தது, தோட்டத்தில் நின்றவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. மனநிலை முழுதாகத் திரும்பி வந்ததும் அவர்களுக்குத்தான். இதைப் படித்தபோது எனக்கு அப்பாயியின் முதுகுதான் ஞாபகம் வந்தது.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. துணை போனவருக்கு நாளை என்பது ஒரு வெற்றிடம். அதில் போஞ்சி வந்து நிற்கிறது. விதை போட்டால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் காய். நடுவில் கொடி ஏறக் கம்பு ஊன்ற வேண்டும். லீக்ஸ் என்றால் இன்னும் நீண்ட சோலி: நாற்றைப் பிடுங்கி நட்டு, தண்டு வெள்ளையாக வரத் திரும்பத் திரும்ப மண் அணைக்க வேண்டும், மாதக் கணக்கில். தேயிலை புளித்த மண்ணை விரும்பும், மரக்கறி விரும்பாது. அதனால் தேயிலை நின்ற நிலத்தில் பாத்தி போடுகிறவர் டொலமைட் சுண்ணாம்பும் மாட்டெருவும் போட்டு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த வேண்டும். இரவில் முள்ளம்பன்றி வந்ததா, காட்டுப்பன்றி கிண்டியதா என்று விடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும். அவர் எழும்புவதற்கு ஒரு காரணம் அங்கே காத்திருக்கிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அவருக்கு எல்லா வசதியும் நீங்கள் செய்து கொடுப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே அவருக்காகக் காத்திருப்பது எது?

2022ஆம் ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். சாமான் விலை எட்டாமல் போய், அரசாங்க ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை லீவு கொடுத்த காலம். அதற்கு முதல் வருடம் இரசாயன உர இறக்குமதியையும் நிறுத்தியிருந்தார்கள். அப்போது எல்லோரும் மண்ணைக் கொத்தினோம். அது பசிக்காகக் கொத்தியது, பயத்தோடு கொத்தியது. ஒரு கோவா (முட்டைக்கோஸ்) அழுகினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. பொழுதுபோக்காகச் செய்கிற தோட்டம் வேறு. காய் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் அடுத்த போகம். அந்த நிம்மதி இருந்தால்தான் மண் மனதுக்கு மருந்தாகும். அதனால் அப்பாவுக்கு மாதா மாதம் நீங்கள் அனுப்புகிற பணத்தை நிறுத்திவிடாதீர்கள். அது இருப்பதால்தான் அவர் லீக்ஸை லீக்ஸாகப் பார்க்க முடிகிறது.

சரி, மீனுக்கு வருகிறேன். சித்தப்பாவைப் பயமுறுத்தியது அதுதானே.

என் மூத்த அண்ணன் இறந்த வருடம் என்னால் எதையும் எழுத முடியவில்லை. வாசிக்கவும் முடியவில்லை, ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் கண் வேறு எங்கோ போய்விடும். ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் முகம் கொடுக்கவே கஷ்டமாக இருந்தது. பழைய கூட்டாளி ஒருவர் எதுவும் பேசாமல் என்னை மவுசாகலை நீர்த்தேக்கக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூங்கில் கம்பு, தங்கூசி நூல், ஒரு துண்டு ரெஜிபோர்ம் (தெர்மோகோல்) மிதப்பு, டின்னில் மண்புழு. அவ்வளவுதான். முதல் நாள் எனக்கு ஒன்றும் படவில்லை. இரண்டாம் நாள் மிதப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரு மணி நேரமாக அண்ணனின் கடைசி நாட்களை நினைக்காமல் இருந்திருக்கிறேன் என்று திடீரென உறைத்தது. அதற்குப் பிறகு நினைத்தபோது அழ முடிந்தது. அதுவரைக்கும் அழுகை வரவில்லை, அதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஓடுகிற தண்ணீர், ஆடுகிற இலை, நகர்கிற மேகம் போன்றவை நம் கவனத்தை முரட்டுத்தனமாக இழுக்காமல் மெல்லப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அந்த நேரத்தில் களைத்துப்போன மனம் இளைப்பாறுகிறது என்பது அவர்கள் சொன்னது. பிரிட்டனில் 10 ஆய்வுகளை, மொத்தம் 1,252 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2010இல் இரண்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். நடை, சைக்கிள் இவற்றோடு தோட்ட வேலையும் மீன்பிடியும் அதில் இருந்தன. வெளியில் போய் இப்படி ஏதாவது செய்கிறவர்களுக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே மனநிலை நன்றாக ஏறுகிறது, தண்ணீர் பக்கத்தில் இருந்தால் இன்னும் கூடுதலாக ஏறுகிறது என்று கண்டார்கள். ஆகவே சித்தப்பா பார்த்தது உண்மைதான், அப்பா மணிக்கணக்காகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அதுதான் அவருக்கு நல்லது செய்கிறது.

வெறுங்கையோடு வருவதைப் பற்றி நீங்கள் கவலையோடு எழுதியிருந்தீர்கள். தூண்டில் போடுகிறவர் யாரும் அதைத் தோல்வி என்று நினைப்பதில்லை. மீன் வராதது தண்ணீரின் விருப்பம், மழையின் விருப்பம். மனைவியைக் காப்பாற்ற முடியவில்லையே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று ராத்திரியில் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, தன் மேல் பழி விழாத ஓர் இழப்பு தினமும் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! உங்கள் அப்பா அப்படி நினைக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்தேன்.

காசல்ரீயில் அவர் தேடுவது அநேகமாகத் திலாப்பியாவாக இருக்கும். கிழக்கு ஆபிரிக்க ஆறுகளின் மீன் அது, 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். காசல்ரீ அணை வந்தது 1965இல், மவுசாகலை 1969இல். பழைய மஸ்கெலியா டவுன் அந்தத் தண்ணீருக்குள் போனது, நல்ல வறட்சியில் பழைய கோயில் மேலே தெரியும், பெரியவர்கள் கரையில் நின்று கும்பிடுவார்கள். தண்ணீர் வற்றுகிற மாதங்களில் கரையோரச் சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் கிடப்பதை அப்பாவோடு போய்ப் பாருங்கள். அவை ஆண் திலாப்பியா தோண்டிய கூடுகள். பெண் மீன் அங்கே முட்டையிட்டு, அதை வாய்க்குள் எடுத்து வைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கிற வரைக்கும் காக்கும். அந்த நாட்களில் அது சரியாக இரைகூட எடுக்காது. இதை அப்பாவிடம் கேளுங்கள், நான் எழுதியதைவிட நன்றாக அவர் சொல்வார்.

இவ்வளவு சொன்னாலும் சில அடையாளங்களை நீங்கள் கவனித்துக்கொள்ளத்தான் வேண்டும். சாப்பாடு இறங்காமல் மெலிகிறாரா? தூக்கம் போய்விட்டதா? பாத்தியைப் பார்க்காமல் விட்டுவிட்டாரா, தூண்டில் மூலையிலேயே கிடக்கிறதா? நான் இருந்து என்ன என்கிற மாதிரி ஏதாவது பேசுகிறாரா? குடி கூடியிருக்கிறதா? இதில் ஏதாவது இருந்தால் தோட்டத்தையும் தூண்டிலையும் நம்பிக்கொண்டு இருக்காதீர்கள், ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக்கூடக் கேட்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நானும் அந்த வருடம் ஒரு டொக்டரைப் பார்த்தேன், மாத்திரையும் எடுத்தேன், மவுசாகலைக்கும் போனேன்.

அப்புறம், கரையில் ஈரச் சேறு ஆளை இழுக்கும். தென்மேல் மழைக் காலத்தில் அணைக்குக் கீழே ஓயா (ஆறு) பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போக வேண்டாம், வான் பாய்ந்தால் தண்ணீர் ஒரே மூச்சில் வரும். அந்தப் பக்கம் சிறுத்தையும் உண்டு. இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாதது இல்லை, மகள் சொன்னால் அதற்கு ஒரு பாரம் உண்டு.

சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்லத் தேவையில்லை. மாதம் ஒரு சனி ஞாயிறு ஊருக்குப் போங்கள். காலையில் அவரோடு பாத்தியில் நில்லுங்கள், பின்னேரம் கரையில் உட்காருங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். "கொழும்புக்கு எப்ப வாறீங்க?" என்று அந்த நேரத்தில் கேட்காதீர்கள். ஆண்கள், அதுவும் அந்த வயது ஆண்கள், முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். இரண்டு பேரும் ஒரே மிதப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேசுவார்கள். அம்மாவைப் பற்றி அவர் உங்களிடம் இதுவரை சொல்லாதது எதையாவது அங்கே சொல்லக்கூடும். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. போகும்போது நல்ல தங்கூசி ஒரு சுருளும் நாலைந்து தூண்டில் முள்ளும் வாங்கிக்கொண்டு போங்கள். தான் செய்வது சரிதான் என்று மகள் நினைப்பது அவருக்கு அதிலேயே புரிந்துவிடும்.

மஞ்சள் டேலியா என்று எழுதியிருந்தீர்கள். என் வாசலில் சிவப்பு மட்டும்தான் இருக்கிறது. பூ முடிந்து செடி ஓய்ந்ததும் அப்பா கிழங்கைப் பிரிப்பார். அம்மா வைத்த செடியில் இருந்து கொடுக்க அவருக்கு மனம் இருந்தால், ஒரு கிழங்கு எனக்காக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நானே ஒரு நாள் வந்து வாங்கிக்கொள்கிறேன், தூண்டிலோடு.