பார்படாஸில் வாடகைக் கார் எடுக்காமல் சுற்ற முடியுமா?

தாராளமாக முடியும். தென்கரையில் அறை போட்டிருப்பீர்கள், பஸ் என்றதும் வீட்டில் முறைத்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். "அவ்வளவு செலவு பண்ணிப் போய் மினிபஸ்ஸிலயா சுத்தினீங்க?" என்று மச்சான் இன்னும் கிண்டலடிக்கிறார்.

தீவே 34 கிலோமீட்டர் நீளம்தான். நீல பஸ் அரசுடையது, மஞ்சள் தனியார் மினிபஸ். வெள்ளை வேனுக்கு இசட்.ஆர். என்று பேர், நம்பர் பிளேட்டில் அந்த எழுத்துகள்தான் இருக்கும். நான் போனபோது எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 3.50 பார்படாஸ் டாலர், அதாவது 1.75 அமெரிக்க டாலர். நீல பஸ்ஸில் மீதி தரமாட்டார்கள், சில்லறையோடு ஏறுங்கள்.

2024 டி20 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போயிருந்தேன். அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளி இரவு என்றால் ஆய்ஸ்டின்ஸில் மீன் பொரியல் திருவிழாதான். 11-ஆம் நம்பர் வேனைப் பிடித்தேன். ஏறுகிறவர்கள் எல்லாம் பொதுவாக ஒரு "குட் ஈவினிங்" சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். நானும் சொன்னேன், மொத்த வேனும் பதில் சொன்னது! மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒரு பாட்டி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டுச் சத்தத்தில் நெஞ்சே அதிர்ந்தது. அதையும் மீறி, நாளைக்கு ஜெயிப்பது யார் என்று வேனுக்குள் பெரிய வாக்குவாதம். பாட்டி தென்னாப்பிரிக்கா கட்சி. ஆனாலும் நான் இறங்க வேண்டிய இடம் வந்ததும் கண்டக்டரிடம் கத்தி வண்டியை நிறுத்தியது அவர்தான். மறுநாள் 7 ரன்னில் நாம் ஜெயித்ததை அவரிடம் சொல்லத்தான் வழியில்லாமல் போயிற்று.

கஞ்சத்தனம் என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு: கைக்குழந்தைக்காரர்களையும் முட்டிவலிக்காரர்களையும் நான் இசட்.ஆரில் ஏறச் சொல்லவில்லை. நேரம் கழித்துத் திரும்பும்போது நானும் டாக்ஸிதான் பிடித்தேன். மீட்டர் கிடையாது, ஏறுமுன்னே பேசிவிடுங்கள். கிழக்குக் கரையில் பாத்ஷீபாவுக்கும் நீல பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி வராது. திரும்பும் நேரத்தை டிரைவரிடம் கேட்டுக்கொண்டே இறங்குங்கள்.

என் வயிற்றெரிச்சல் வேறு. நம் பாஸ்போர்ட்டுக்கு பார்படாஸ் விசாவே கேட்பதில்லை. ஆனால் மயாமியில் விமானம் மாறுவதற்கு அமெரிக்க விசா வேண்டுமாம். ஏர்போர்ட்டை விட்டு வெளியே கால் வைக்காதவனுக்கு எதற்கய்யா விசா? இதை எங்கள் டிராவல் ஏஜென்ட் பணம் வாங்கிய பிறகுதான் சொன்னார்.

அப்புறம், ராணுவ டிசைன் சட்டை, டவுசர் எதுவும் பெட்டியில் வேண்டாம். அங்கே அதைப் போடுவது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான்.